எங்கள் ஜன்னலிலும் ஒரு மீட்டர் வையுங்கள்

இராமேசுவரம் சாலையை அகலப்படுத்தத் திட்டம் வரைகிறவர்களுக்கும், அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். பூர்வீகம் மண்டபம். ஓய்வுப் பணமும் மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பியதும் சேர்ந்து, இராமநாதபுரத்தை அடுத்த பட்டணம்காத்தானுக்குக் கிழக்கே தேசிய நெடுஞ்சாலை 87-ஐ ஒட்டிய புது நகர் ஒன்றில் வீடாகியிருக்கிறது. வாசற்படியிலிருந்து தார் விளிம்புக்கு நாற்பது அடி. டேப் பிடித்து அளந்தேன். கணக்கு எழுதிய கை சும்மா இருக்காது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சாலை வேண்டாம் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அதன் சத்தமும் புழுதியும் எங்கள் வீட்டுக்குள் எவ்வளவு வருகிறது என்று வந்து அளக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும் வரை தீவுக்குப் போக ரயில், இல்லாவிட்டால் படகு. தீவில் இடுப்பு வலி கண்ட பெண்ணைக் கட்டிலோடு தூக்கிவந்து ரயிலுக்குக் காத்திருந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். சாலையின் அருமை எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

2025 ஜூலை 1 அன்று பரமக்குடிக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையே நான்கு வழிச்சாலைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 46.7 கிலோமீட்டர், 1,853 கோடி ரூபாய். செய்தியைப் படித்தபோது எனக்கும் சந்தோஷம்தான். மதுரைக்குப் போகிற பஸ்ஸில் பரமக்குடி வரை ஊர்ந்துகொண்டே போன வயிற்றெரிச்சல் எல்லோருக்கும் உண்டு. அன்று இரவு மாடியில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் வேறொன்று உறைத்தது. மதுரையிலிருந்து பரமக்குடி வரை ஏற்கெனவே நான்கு வழி. இனி இராமநாதபுரம் வரை நான்கு வழி. அந்த வேகத்தில் வரும் வண்டி அத்தனையும் இரண்டு வழியாகக் குறுகுகிற இடம் எங்கள் பக்கம். புனலின் வாயில் ஊற்றுகிறவர்களுக்கு அதன் கழுத்தில் குடியிருப்பவர்களைத் தெரியாது. எங்கள் பக்கமும் ஒருநாள் அகலமாகும் என்ற பேச்சு இருக்கிறது. ஆகட்டும். ஆகும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் அளப்பது எல்லாமே சாலையின் நீளவாக்கில் இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடி, எத்தனை நிமிஷம் மிச்சம். குறுக்குவாக்கில், தார் முடிகிற இடத்திலிருந்து எங்கள் தலையணை வரை கிடக்கிற நாற்பது அடியை ஒருவரும் அளந்ததில்லை. அதை அளங்கள்.

பகலில் எல்லாம் கலந்து ஒரே இரைச்சல். இரவு பதினோரு மணிக்கு மேல்தான் ஒவ்வொன்றும் பிரிந்து கேட்கும். முதலில் மீன் கம்பெனி வண்டிகள். ஐஸ் உருகினால் விலை போய்விடும், அதனால் அவர்களுக்கு அவசரம். அந்த அவசரத்தை நான் குறை சொல்ல முடியாது, அதற்குக் கணக்கு எழுதிச் சோறு தின்றவன். அடுத்து டிப்பர்கள். பாரம் ஏற்றிய டிப்பரைவிடக் காலி டிப்பர்தான் மோசம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்கதவு அடித்துக்கொள்ளும். அப்புறம் யாத்திரைப் பேருந்துகள். விடியும் முன் அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட வேண்டும் என்று ராத்திரி முழுக்க ஓடிவருவார்கள். எங்கள் வாசலைக் கடப்பது இரண்டு மணியிலிருந்து நாலு மணிக்குள். தூக்கம் ஆழமாக இருக்கும் நேரம் பார்த்து வருவது போலவே இருக்கும்.

ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஜன்னலோரம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். ஒரு ஹாரனுக்கு ஒரு வரி என்று கணக்கு. ஒரு மணி நேரம் முடியும் முன்பே பக்கம் நிரம்பிவிட்டது. அதில் பாதிக்கு மேல் முன்னால் எந்த வண்டியும் இல்லாத வெறும் சாலையில் அடித்தது. இரண்டு மூன்று, பாட்டுப் பாடும் ஏர் ஹாரன். “என்ன, சங்கக் கணக்கு இன்னும் முடியலையா?” என்று என் வீட்டுக்காரி இருட்டிலிருந்து கேட்டாள். அவளும் தூங்கவில்லை.

எதிர் வீட்டில் விசைப்படகுக்குப் போகிற ஒரு தம்பி இருக்கிறார். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்ற முறை இருப்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து காலையில் வீடு திரும்பி, பகலில் தூங்க வேண்டிய பிழைப்பு அவருக்கு. ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “அண்ணே, போட்டுல இன்ஜினுக்குப் பக்கத்துலயே படுத்துத் தூங்கியிருக்கேன். இங்க கட்டில்ல படுத்தும் முடியலயே.” யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. இன்ஜின் ஒரே சீராக ஓடும். சிறிது நேரத்தில் காது அதை மறந்துவிடும். இங்கே எது எப்போது வரும் என்று தெரியாது. ஒவ்வொரு ஹாரனும் புதிதாக வந்து எழுப்பும். ஆகவே நீங்கள் அளக்க வரும்போது சராசரியை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். எட்டு மணி நேரச் சராசரி எண்ணைப் பார்த்தால், எத்தனை முறை ஒருவன் திடுக்கிட்டு எழுந்தான் என்பது அதில் தெரியாது.

எண் என்று வந்துவிட்டதால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் சத்தத்தின் வரம்பு காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி மண்டலமாக அறிவித்த இடத்தில் 50, 40. குடியிருப்புப் பகுதியில் இரவில் அவசர நிலைக்கன்றி ஹாரனே அடிக்கக் கூடாது என்று 2010-இல் ஒரு திருத்தமும் வந்தது. பாட்டு ஹாரனையும், காதைக் கிழிக்கிற ஹாரனையும் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே தடுத்துவிட்டன. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 2,000 ரூபாய் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 194எஃப் என்று ஒரு பிரிவையே சேர்த்தார்கள். ஆக, புதிதாக ஒரு சட்டமும் போட வேண்டாம். இருப்பது போதும். ராத்திரி இரண்டு மணிக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டில் நிற்க ஓர் ஆள்தான் வேண்டும்.

டெசிபெல் என்பது எங்கள் சங்கக் கணக்குப் போல் சாதாரணக் கூட்டல் கழித்தலில் அடங்காது. அதைப் புரிந்துகொள்ள எனக்கே சில நாள் ஆயிற்று. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும். ஆனால் வண்டிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபெல்தான். ‘போக்குவரத்து இரட்டித்தாலும் 3 டெசிபெல்தானே கூடும்’ என்று அறிக்கையில் எழுதுவது அதனால் சுலபம். தப்பும் கிடையாது. ஆனால் அந்த 3, ஏற்கெனவே எவ்வளவின் மேல் ஏறுகிறது என்று கேட்டால் பதில் இல்லை, ஏனென்றால் அந்த ‘ஏற்கெனவே’யை யாரும் அளக்கவில்லை. கைப்பேசியில் ஒரு செயலி போட்டு நான் பார்த்த எண்களை இங்கே எழுதப் போவதில்லை. அது சரியான கருவி இல்லை, நாளைக்கு நீங்கள் அதையே பிடித்துக்கொண்டு என் பேச்சு முழுவதையும் தள்ளிவிடுவீர்கள். முறையான கருவியோடு வாருங்கள்.

இன்னொரு விஷயம், எந்த வீட்டில் எந்த மாதம் அளப்பது என்பது. இதை எங்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் சாலையின் சத்தமும் புழுதியும் வடசாரி வீடுகளுக்கு, அதாவது எங்களுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பிவிட்டால் தென்சாரிக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைச் சத்தம் தூக்கலாகக் கேட்கும் என்பது கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மண்டபத்தில் தென்கடல் இரைகிறதா வடகடல் இரைகிறதா என்பதை வைத்தே காற்று மாறியதைச் சொல்வார்கள். வாடைக்காலத்தில் ஒரு நாள், அதுவும் மத்தியானம், என் வீட்டில் மீட்டரை வைத்துவிட்டு ‘எல்லாம் வரம்புக்குள்’ என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. இரவில் தரை குளிர்ந்து அதன் மேல் வெப்பமான காற்று நிற்கும்போது சத்தம் மேலே போகாமல் கீழ்நோக்கி வளைந்து வரும். பகலில் கேட்காத தூரத்து லாரி ராத்திரி தலைமாட்டில் ஓடுவது போலக் கேட்பது அதனால்தான்.

ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏசி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு பொறியாளர் நண்பர் நல்ல மனசோடுதான் சொன்னார். எங்கள் நகரில் எத்தனை வீட்டில் ஏசி இருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். சித்திரை, வைகாசியில் இந்த மாவட்டத்துக்காரன் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவான். மாடிக்கு ஏது ஜன்னல்?

அந்தச் சித்திரை, வைகாசியில் மீன் லாரிகள் குறைந்துதான் போகும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பாடா என்று நிமிர்ந்தால் அப்போதுதான் கோடை விடுமுறை வேன்கள். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசை, புரட்டாசியில் மகாளய அமாவாசை என்றால் மூன்று நாளைக்குச் சாலை நிற்காது. சாமி கும்பிட வருகிறவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை, வரட்டும். ஆனால் ரயிலில் வரலாமே. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்றுதான் புதுப்பாலம் திறந்தது. இரண்டு வருஷத்துக்கும் மேலாகத் தீவுக்குப் போகிறவர்கள் எல்லோருமே கடைசித் தூரத்தைச் சாலையில்தான் கடந்தார்கள். இப்போது ரயில் போகிறது. சாலையில் வண்டி குறைந்ததாக என் காதுக்குத் தெரியவில்லை. அமாவாசைக்குச் சிறப்புப் பேருந்து விடும் அக்கறையில் பாதியைச் சிறப்பு ரயிலுக்குக் காட்டினால் எங்களுக்கும் புண்ணியம், முழுகப் போகிறவர்களுக்கும் இடுப்பு நோகாது.

இனி ஒரு வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். எங்கள் நகர் திரும்பும் இடத்தில் வருஷத்துக்கு இரண்டு விபத்தாவது நடந்துகொண்டிருந்தது. நாங்கள்தான் மனுக் கொடுத்தோம், வேகத்தைக் குறைக்க ஏதாவது செய்யுங்கள் என்று. வந்தார்கள், வெள்ளைப் பெயின்ட்டைத் தடிமனாகக் கோடு கோடாகப் போட்டார்கள். எங்கள் பிள்ளைகள் அதற்குத் ‘தடதடக் கோடு’ என்று பெயர் வைத்தார்கள். கார்க்காரர்கள் முதல் வாரம் பிரேக் போட்டார்கள். வேகமாகப் போனால் குலுக்கல் குறைவு என்று பிறகு கண்டுபிடித்துவிட்டார்கள். லாரிகள் முதலிலிருந்தே குறைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு சக்கரமும் ஒவ்வொரு கோட்டிலும் தட்டிவிட்டுப் போகிறது. பத்துச் சக்கர டிப்பர் அதன்மேல் ஏறினால் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் சலசலக்கும். எடுத்துவிடுங்கள் என்று மறுபடி மனுக் கொடுத்தால், ‘போடச் சொன்னதும் நீங்கள்தானே’ என்று கேட்டார்கள். உண்மைதான், நாங்கள்தான். வேகம் குறைய வேண்டும் என்று கேட்டோம், எப்படிக் குறைப்பது என்பது உங்கள் படிப்பு. வீட்டை ஒட்டிய இடத்தில் தட்டுகிற கோடு போட்டால் சத்தம் எழும் என்பது கணக்கெழுதுகிற எனக்குத் தெரியாமல் போகலாம், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கேமரா வைத்து அபராதம் போடலாம், முன்கூட்டியே சாலையைக் கொஞ்சம் குறுக்கிக் காட்டலாம், கோடுதான் வேண்டுமென்றால் வீடுகள் தொடங்கும் முன்பு வெட்டவெளியில் போடலாம். வேகம் உண்மையில் குறைந்தால் விபத்தோடு சேர்ந்து டயர் இரைச்சலும் குறையும்.

புழுதிக்கு வருகிறேன். தார் முடிகிற இடத்தில் சரளை, அதற்கப்பால் மணல். எதிரே வருகிற பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒரு லாரி ஓரத்தில் இறங்கி ஏறினால் போதும், ஒரு மேகம் எழும்பும். மழை பெய்தால் அந்த மணல் தாருக்கு வரும், காய்ந்தால் சக்கரம் அதை மாவாக அரைக்கும், கச்சான் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும். உள்நாட்டுக்காரர்களுக்குப் புரியாத ஒன்று இதில் இருக்கிறது. எங்கள் காற்றில் உப்பு உண்டு. உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம். ஆகவே இங்கே தூசி உதறினால் போகிற தூசியாக இருக்காது, கரியும் உப்புமாகப் பிசுக்குப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். கொசுவலையடித்த ஜன்னலை விரலால் தடவினால் மை போல வரும். துணி காயப்போட்டால் மடிப்பில் சாம்பல் கோடு. வடகம், கருவாடு என்று மாடியில் எதையும் பரப்ப முடியாது. என் வீட்டுக்காரி வடகம் போடுவதையே விட்டுவிட்டாள், அது எனக்குத் தனி வருத்தம்.

கழுவித் துடைக்கலாமே என்பீர்கள். இராமநாதபுரத்துக்காரனிடம் தண்ணீரை ஊற்றிக் கழுவு என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளைத் தேதி வைத்துக் காத்திருந்து, மற்ற நாளில் வண்டித் தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்குகிற ஊர் இது. வாசலில் வரிசையாக வைத்திருக்கும் பிளாஸ்டிக் குடங்களின் மேலேயே அந்தக் கரிப்படலம். தண்ணீர் பிடிக்கும் முன் குடத்தின் வாயைத் துடைப்பது எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.

கண்ணுக்குத் தெரிகிற புழுதி மூக்கோடு நிற்கும், தும்மினால் போய்விடும். மோசமானது தெரியாத துகள். 2.5 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துகள் நுரையீரலின் அடிவரை போகும். நம் நாட்டு வரம்பு அதற்கு ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியாக 40. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15, 5. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. 2020 ஏப்ரலிலிருந்து வரும் புது வண்டிகள் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை, டீசலில் கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10-ஆகக் குறைந்தது. நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் சாலையில் மண் அடிக்கிற டிப்பர்களின் வயசைப் பார்த்தால் அவை அந்தத் தேதிக்கு வெகு முன்னால் பிறந்தவை. தவிர, டயரும் பிரேக்கும் தேய்ந்து பறக்கிற தூசிக்கு எந்த ஸ்டேஜும் கிடையாது. மின்சார வண்டி வந்தாலும் அது பறக்கும்.

கடற்காற்று அடிக்கிற ஊரில் மாசு எங்கே தங்கும் என்று கேட்கிறவர்கள் உண்டு. தங்காது, உண்மை. போகிற வழியில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டுப் போகும். காற்று கெட்ட நகரங்களுக்கான தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் தூத்துக்குடி இருக்கிறது, மதுரை இருக்கிறது. எங்கள் ஊர் இல்லை. ஊர்ச் சராசரி பார்த்தால் எங்கள் காற்று நல்ல காற்றாகவே இருக்கலாம். நான் கேட்பது ஊர்க் கணக்கை அல்ல, சாலையை ஒட்டிய முதல் இரண்டு வரிசை வீடுகளின் கணக்கை.

இந்தக் கணக்கை உங்களிடம் தானாகக் கேட்கும் ஏற்பாடு சட்டத்தில் இல்லை என்பதால்தான் நான் கேட்கிறேன். தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கம் 100 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, பழைய தடத்தில் 40 மீட்டருக்கு மேலும் புதுத்தடத்தில் 60 மீட்டருக்கு மேலும் கூடுதல் நிலம் எடுத்தால்தான் முன்கூட்டிய சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2013-இல் விதியைத் திருத்தினார்கள். மதுரையிலிருந்து இராமேசுவரம் வரை ஒரே சாலைதான். ஆனால் துண்டு துண்டாகப் போடும்போது ஒரு துண்டும் அந்த நூறைத் தொடாது. மக்களைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்கும் கட்டாயமும் அதோடு போயிற்று. கட்டாயம் இல்லை என்பதால் கேட்கவே கூடாது என்று ஒன்றும் இல்லையே.

நாங்களும் கேட்டுப் பார்த்தோம். ஓர் அலுவலகத்தில் ஹாரன் எங்கள் வேலை இல்லை என்றார்கள். ஹாரனைப் பார்க்கிற அலுவலகத்தில் இரவுப்பணிக்கு ஆள் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் கருவி மதுரையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். நாலாவது இடத்தில் மிக மரியாதையாக உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, முதல் இடத்துக்கே போகச் சொன்னார்கள். 2000-ஆம் ஆண்டு விதியில் ‘அதிகாரி’ என்றால் யார் என்று எழுதியிருக்கிறது. மாவட்ட ஆட்சித் தலைவரும், காவல் துறையில் டிஎஸ்பிக்குக் குறையாத பதவியில் இருப்பவரும் அதில் வருவார்கள். வரம்பைவிட 10 டெசிபெல் கூடினால் புகார் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. 10 கூடிற்று என்று நிரூபிக்கக் கருவி வேண்டும், கருவி உங்களிடம் இருக்கிறது. வட்டம் முழுசாகிவிட்டது, பாருங்கள்.

‘சாலை முதலில் வந்ததா, உங்கள் வீடு முதலில் வந்ததா?’ என்ற கேள்வியை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாலைதான் முதலில். ஊருக்கு வெளியே போட்ட சாலையை ஊர் தேடிவந்து ஒட்டிக்கொண்டது. மனை வாங்கும்போது ‘மெயின் ரோட்டு மேலேயே, சார்’ என்று தரகர் சொன்னதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்த மனையைவிடக் கூடுதல் விலை கொடுத்தவன் நான். என் முட்டாள்தனத்துக்கு நான் பொறுப்பு. ஆனால் பனையும் கருவேலமுமாகக் கிடந்த அந்த நிலத்தை மனையாகப் பிரிக்க ஒப்புதல் கொடுத்த கையெழுத்து என்னுடையது கிடையாது. நெடுஞ்சாலையை ஒட்டி வீட்டுமனை வரும்போது நடுவில் இத்தனை அடி விடு, இந்த உயரத்தில் சுவர் எழுப்பு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இப்போதும் உச்சிப்புளி வரை புதுப்புது மனைக் கற்கள் நட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களிடமாவது சொல்லுங்கள்.

அப்புறம், ‘நீங்கள் மட்டும் சத்தமே போடாதவர்களா?’ என்ற கேள்வி. இல்லை. காதுகுத்துக்கு ஆளுயரப் பெட்டி வைத்து விடிய விடிய அலறவிட்டவர்கள்தான் நாங்கள். என் பேத்தியின் காதுகுத்துக்கு நானும் வைத்தேன். அதே பேத்தி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு இயற்பியல் படிக்கிறாள். ஒலிபெருக்கிக்கும் அதே விதிதான், எங்கள் மேலும் போடுங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், முதலில் அளப்பது. சாலையின் இரண்டு பக்கமும், முதல் வரிசை வீட்டிலும் மூன்றாம் வரிசை வீட்டிலும், முழு இருபத்துநாலு மணி நேரம், கச்சானில் ஒரு முறை, வாடையில் ஒரு முறை, ஓர் அமாவாசையில் ஒரு முறை. சத்தம், துகள் இரண்டும். எண்களைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். அகலப்படுத்திய பிறகு அதே வீடுகளில் மறுபடியும் அளந்து பக்கத்திலேயே ஒட்டுங்கள். மற்றதை அந்த எண்களை வைத்துப் பேசலாம்.

சுவர் எழுப்புவது என்று முடிவானால், வண்டி ஜன்னலுக்குத் தெரியாதபடி மறைக்கும் உயரம் வேண்டும். இடுப்புயரச் சுவர் போஸ்டர் ஒட்டத்தான் உதவும். நடுவில் நடுவில் விட்டுவிட்டுக் கட்டினாலும் பிரயோஜனம் இல்லை, சத்தம் சந்து வழியாக வந்துவிடும். மரம் நடுவதாக இருந்தால் நடுங்கள், ஆனால் ஒரு வரிசை மரம் சத்தத்தைக் குறைக்கும் என்று எங்களிடம் சொல்லாதீர்கள். புழுதியைப் பிடிக்கும், நிழல் தரும், அதுவே பெரிசு. அகலப்படுத்துவதற்காக வெட்டப்போகிற வேம்பையும் புளியையும் முதலில் எண்ணி எழுதிக்கொண்டு, பிறகு நடுவதைப் பற்றிப் பேசுவோம். சாலை ஓரத்துக்குத் தார் போட்டுவிட்டால் புழுதியில் பெரும்பங்கு அதோடு அடங்கும். இதற்கு நான்கு வழிச்சாலை வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். டீக்கடை வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கிற லாரிகளுக்கு எங்களுக்குத் தொலைவாக ஒரு நிறுத்தம் வேண்டும். டீக்கடைக்காரர் என் மேல் கோபப்படுவார், பரவாயில்லை, அவருக்கும் இருமல்தான்.

வண்டி ஓட்டுகிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் தூக்கம் கெட்டவர்கள்தான், உங்கள் காதுதான் அந்த ஹாரனுக்கு எல்லோரையும்விடப் பக்கத்தில் இருக்கிறது. வெறும் ரோட்டில் அடிப்பது தூக்கத்தை விரட்டத்தான் என்று ஒரு மீன் வண்டித் தம்பி என்னிடம் ஒப்புக்கொண்டார். அப்படித் தூக்கம் வந்தால் எங்கள் நகர் முனையில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு அரைமணி கண்ணசந்து போங்கள். இன்ஜினை மட்டும் அணைத்துவிடுங்கள்.

அதிகாரிகள் வருவதாக இருந்தால் இரவு பத்து மணிக்கு மேல் வாருங்கள். கருவியை வைக்க வடசாரியில் என் மாடியைத் தருகிறேன். மின்சார இணைப்பு இருக்கிறது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சமதளமும் இருக்கிறது. தென்சாரியில் எதிர்வீட்டுத் தம்பியிடம் பேசிவிட்டேன், அவர் கடலுக்குப் போகாத நாளாகச் சொன்னால் சாவியை வாங்கி வைக்கிறேன். பாயும் தலையணையும் எங்களுடையது. கொசுவத்தி மட்டும் நீங்கள் கொண்டுவந்தால் நல்லது, காற்று விழுந்த ராத்திரியாக அமைந்தால் அதுவும் வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தார் விளிம்பிலிருந்து நாற்பது அடியில் குடியிருப்பவன்,
பட்டணம்காத்தானுக்குக் கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டம்.